பிழையில்லாத மூன்று கடிதங்கள்

அன்பு வாலுக்குட்டிக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் நலம்தானே? நேற்று பகல் காட்சிக்கு உன் சித்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள், ராஜா ராணி காலத்துக் காதல் படம். பகை நாட்டுத் தளபதியின் காதல் கடிதங்களை நம்பி இளவரசி கோட்டைக் கதவையே திறந்துவிடுகிறாள், கடைசியில் பார்த்தால் அத்தனையும் மந்திரி எழுதியவை. தளபதிக்கு மெய்யெழுத்தில் புள்ளி வைக்கும் பழக்கமே கிடையாது, இதில் ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லையே என்று அவள் திகைக்கும்போது சித்தி, "இப்பதான் தெரிஞ்சுதா இந்த மக்குக்கு" என்று சிரித்தாள். எனக்கு உன் கடிதங்கள் ஞாபகம் வந்தன.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தேன். நம் சண்டைக்குப் பிறகு, தன் அச்சகத்துக் கணினிக்கு நீ அனுப்பியதாகச் சொல்லி அப்பா அச்சடித்துக் கொண்டுவந்த மூன்று கடிதங்கள். மூன்றிலும் 'அம்மா, உன்னை மன்னித்துவிட்டேன்' என்று இருக்கிறது, ரெண்டு சுழி ன போட்டு! மூன்றாம் வகுப்பிலிருந்து நீ 'மண்ணிப்பு' என்றுதானே எழுதுவாய், பிழை திருத்துபவர் வீட்டில் பிறந்து இப்படியா என்று அவர் தலையில் அடித்துக்கொள்வாரே. கடிதங்களை அவர் முன்னால் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவ எழுதவே இல்ல. நீயும் சாப்பிடாமக் கெடந்த, நான் என்னதான் பண்றது. தெரிஞ்சே ஒரு பிழைய விட எனக்குக் கை வரலடி" என்றார்.

ஐந்து மாதமாக நீ மன்னித்துவிட்டாய் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அந்த ரொட்டிக் கடைக்காரன்தான் வேண்டுமென்றால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று நான் சொன்னதுதான் உன் காதில் விழுந்த என் கடைசி வார்த்தை என்பது நேற்றுத்தான் தெரிந்தது. உனக்கு நான் எழுதிக் கொடுத்த பதில்களையும், அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் பிடுங்கி இதோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார். இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆனாலும் அவரை நீ கோபித்துக்கொள்ளாதே.

மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். திட்டி எழுது, நீயே எழுது, அச்சகத்துக்கு அனுப்பாமல் என் தையல் கடை விலாசத்துக்குத் தபாலில் போடு. உனக்கும் அந்த ரொட்டிக் கடைப் பிள்ளைக்கும் என் ஆசிகள். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லையே, அதையும் எழுது.

அப்பா கண்ணில் படாமல் உறையை ஒட்டும்,
உன் அம்மா