பாதியில் நின்ற மந்திரம்

தஞ்சாவூர்
4.2.2025

பாசமுள்ள மீனாவுக்கு,

ஆண்டவர் உன்னையும் தம்பியையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். போனில் கூப்பிட்டால் நீ "சொல்லுங்கக்கா" என்கிறாய். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன், சிரிக்காதே.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது உன்னோடு பேச நினைத்தேன். நீ அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. பங்குச் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பொங்கலிலிருந்து நீ ஞானோபதேச வகுப்புக்கு வரவில்லை என்றார். ஈஸ்டருக்கு உனக்கு ஞானஸ்நானம் என்று நாள் குறித்தாகிவிட்டதே! அறுப்பு வேலையா? தம்பி சூசைராஜ் ஏதாவது சொன்னானா? எதையும் நடுவில் விடுகிறவள் இல்லையே நீ. ஞானஸ்நானத்துக்குக் கட்ட வெள்ளைச் சேலை எடுக்கக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். உடனே பதில் போடு.

உன் நாத்தனார்
பிலோமினா

குடவாசல்
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். மழையில் நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். உங்கள் தம்பி ரோட்டில் காயப்போட்டுவிட்டு அங்கேயே காவல் கிடக்கிறார். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவர்மேல் கோபப்படாதீர்கள்.

சேலை வேண்டாம் அக்கா. மாமா கடைசியாக மூச்சு வாங்கியபோது உங்களைப் பார்த்து, "பிலோ, மனஸ்தாப மந்திரம் சொல்லும்மா" என்றார். நீங்கள் தொடங்கி, இரண்டாம் வரியில் நின்றுவிட்டீர்கள். செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்க அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மனசு கேட்காமல் பின்னால் நின்ற நான் அடுத்த வரியைச் சொன்னேன். நீங்கள் திரும்பி ஒரு பார்வை பார்த்தீர்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் இடம் தெரியாமல் நடந்துகொண்டேன், மன்னித்துவிடுங்கள். பிறந்ததிலிருந்து அது உங்கள் வீட்டு மந்திரம். நான் கடற்கரையில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்த வீட்டுப் பெண். கற்றுக்கொண்டால் மட்டும் சொந்தமாகிவிடாது என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் வகுப்புக்குப் போகவில்லை. வேறு காரணம் இல்லை.

பணிவுடன்
மீனா

தஞ்சாவூர்
13.2.2025

என் மீனா,

உன் கடிதத்தைப் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாயே, இது உனக்கே அடுக்குமா?

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்த மந்திரம் தெரியாது. கோவிலில் பாடல் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள், முழுசாகத் தெரியாது. பாட்டும் செபமும் எல்லாம் போனில் பார்த்தே படித்துப் பழகிவிட்டது. அன்றைக்குப் போன் சார்ஜில் கிடந்தது. புதுநன்மை வாங்கும் வயதில் தலைகீழாக ஒப்பித்தேன், மிட்டாய் கொடுத்தார்கள். அதோடு சரி. பஸ் கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்கிற மாதிரி கடகடவென்று சொன்னதுதான். ஒரு வரிக்கும் அர்த்தம் கேட்டதில்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

பின்னாலிருந்து உன் குரல் வந்ததும் எனக்கு வந்தது துக்கமில்லை, ஆத்திரம். நேற்று வந்தவளுக்குத் தெரிகிறது, மகளுக்குத் தெரியவில்லை என்று ஊரே கேட்டுவிட்டதே என்ற ஆத்திரம். அதனால்தான் அப்படிப் பார்த்தேன். நீ நிறுத்தினாய். நானும் சொல்லவில்லை. சாமியாரைக் கூட்டிவரப் போன தம்பி வந்து சேருமுன்னே அப்பா போய்விட்டார். கேட்டது கிடைக்காமல் போனார், மீனா. என் கௌரவத்துக்காக அவர் வாயருகே வந்ததைத் தட்டிவிட்டேன். பாவி நான்.

வகுப்பை விட்டுவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். உனக்கு ஞானத்தாயாக நானே நிற்கிறேன். அப்படியாவது இது தீரட்டும்.

பிலோ அக்கா

குடவாசல்
20.2.2025

அன்புள்ள அக்கா,

காலில் விழுவதெல்லாம் எதற்கு? படித்ததும் ரொம்ப நேரம் அழுதேன். கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். கொஞ்சம் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் தம்பி ஜெகன் கடலில் மூழ்கிப் போனது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் காற்று சரியில்லை என்று அவன் தயங்கினான். "போடா, ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பியது நான். அந்தப் பாரத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று தெரியாமலேதான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். வகுப்பில் அந்த மந்திரத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தபோது, மன்னிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்று முதல் தடவையாகக் கேட்டேன். வெளியே வந்து வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை நாளும் இதைக் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் எப்படிச் சும்மா இருந்தார்கள் என்று உங்கள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

போன சனிக்கிழமை மறுபடி வகுப்புக்குப் போனேன். யாருக்காகவும் அதை இனி விடமாட்டேன்.

ஆனால் ஞானத்தாயாக நீங்கள் வேண்டாம் அக்கா. ஞானத்தாய் "இவள் விசுவாசத்துக்கு நான் பொறுப்பு" என்று பீடத்தின் முன்னால் சொல்ல வேண்டும். அதை நீங்கள் சொன்னால் உங்களுக்கே உறுத்தும். கோவில் உபதேசியார் மனைவி சவேரியம்மாளைக் கேட்டுவிட்டேன். வருத்தப்படாதீர்கள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வகுப்பு. தஞ்சாவூரிலிருந்து மதியம் ஏறினால் வந்துவிடலாம். மனஸ்தாப மந்திரத்தை இன்னொரு முறை முதலிலிருந்து நடத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை என்றுதான் சாமியாரிடம் சொன்னேன். நீங்கள் எனக்குத் துணைக்கு வந்ததாக இருக்கட்டும்.

உங்கள்
மீனா