ஜானவாசத்துக்குத் தைத்த கோட்டு

மயிலாப்பூர்,
12-8-1972

அன்புள்ள அண்ணாவுக்கும் மன்னிக்கும் ஜானு செய்யும் நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் கோபம் உள்பட. பிலாயில் மழை பிடித்துக்கொண்டதா? இங்கே ஆடிக் காற்றில் மாடியில் உலர்த்தின புடவை அடுத்த தெருவுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது, மழையைத்தான் காணோம். மன்னிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அவளையே எழுதச் சொல். உன் கடிதத்தில் பாக்டரி சமாசாரத்தைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

லீவு கிடைப்பது சந்தேகம் என்று எழுதியிருக்கிறாய். சொந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு லீவு கொடுக்காத அந்த மகானுபாவரின் பெயரையும் விலாசத்தையும் எழுது, நானே அவருக்கு ஒரு கடிதம் போடுகிறேன். யாரிடம் விடுகிறாய் இந்தக் கதையை? தை மாசம் வந்து மாப்பிள்ளையைப் பார்த்தபோது உன் முகம் போன போக்கை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் மௌலிக்கு இடது தோள் இறங்கிப்போய்விட்டது. நாங்கள் அதை மறைக்கவில்லை, ஜாதகம் அனுப்பும்போதே எழுதியிருந்தேன். காலேஜில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், நல்ல மனுஷர், உன் பெண் ஜலஜாவுக்குப் பிடித்துவிட்டது. நீயும் சரி என்றாய். வாய்தான் சரி என்றது.

பிறகு ஜானவாச சூட்டுக்கென்று கருநீலத் துணி அனுப்பினாய். அருமையான துணி, கை வைத்தால் எடுக்க மனசு வரவில்லை. துணியோடு கூட ஒரு உத்தரவும் வந்தது. இடது தோளில் பஞ்சு வைத்து இரண்டு பக்கமும் மட்டமாகத் தெரியும்படி தைக்கச் சொல், மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே என்று. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் திறந்த காரில் மாப்பிள்ளை மாடவீதி சுற்றி வரும்போது உறவுக்காரர்கள் கண்ணில் அந்தத் தோள் படக்கூடாது, அவ்வளவுதானே? நானும் நீ சொன்னபடியே செய்தேன். அண்ணா பேச்சை மீறி எனக்குப் பழக்கமில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், நீ சிரிப்பாய்.

பாண்டி பஜாரில் ஹபீபுர் ரஹ்மான் என்று ஒரு தையற்காரர். கை சுத்தம், வாய்தான் நீளம். ஐகோர்ட்டு ஜட்ஜு எல்லாம் தன் கோட்டுதான் போட்டுக்கொள்கிறார்கள் என்று அளவெடுத்து முடிப்பதற்குள் பலமுறை சொல்லிவிட்டார். ட்ரையலுக்கு மௌலியை அழைத்துக்கொண்டு நானும் எங்காத்துக்காரரும் போயிருந்தோம். கடையில் காற்றாடி ஓடவில்லை. கோட்டை மாட்டிவிட்டு ஹபீபுர் ரஹ்மான் நாலடி பின்னால் தள்ளி நின்று பார்த்து, தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டார். தோள் மட்டமாகத்தான் இருந்தது. பஞ்சை வைத்து அப்படி நிரவியிருந்தார். மௌலி கண்ணாடியைப் பார்த்தார், இடது தோளை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து உன் பெண் வந்து நின்றாள். காலையில் எங்காத்திலிருந்து கிளம்பினவள், மாம்பலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்யூட்டி முடிந்து, ரவிக்கைத் துணி வாங்க வந்தாளாம். கல்யாணப் பெண் மாப்பிள்ளைக்குத் துணி தைக்கிற இடத்துக்கு வரலாமா என்று கேட்டேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பாத்திரக் கடையில் குடம் வாங்குகிறவளைப் போல அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி கையைத் தூக்கச் சொன்னாள். அவர் தூக்கினாரோ இல்லையோ, கோட்டு முழுக்க மேலே ஏறிக்கொண்டு காலர் காதைத் தொட்டது. எங்காத்துக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

யார் இப்படித் தைக்கச் சொன்னது என்று ஜலஜா கேட்டாள். ஹபீபுர் ரஹ்மானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பொண்ணு வூட்டு ஆர்டரும்மா இது. கோட்ட இன்னா கையத் தூக்கிக்கினா போட்டுப் பாப்பாங்க?" என்றார். ஜலஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உன் பெயரைச் சொல்லவில்லை அண்ணா, சத்தியமாகச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

மௌலிதான் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும். "உங்கப்பாவுக்கு இது நிம்மதின்னா ஒரு சாயங்காலம் போட்டுண்டு போறதுல எனக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது, ஜலஜா. விடு."

உன் பெண் விடுகிறவளா? குரலைக்கூட உயர்த்தவில்லை. "எனக்குக் குறையும். நான் யாருக்குக் கழுத்தை நீட்டறேன்னு மாடவீதி முழுக்கப் பார்க்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே அவர் தோளிலிருந்து கோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அண்ணா, எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம் இந்தப் பெண்ணுக்கு? நிச்சயமாக உன்னிடமிருந்து இல்லை. மன்னியிடமிருந்துதான்.

பஞ்சை எடுத்துவிடச் சொன்னது நான். ஆத்திரப்பட வேண்டுமென்றால் என்மேல் படு. ஹபீபுர் ரஹ்மான் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தோள் இறங்கின கோட்டு தன் கடையிலிருந்து வெளியே போனால் பார்க்கிறவர்கள் தையற்காரனைத்தான் திட்டுவார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். இறங்கின தோளுக்கு ஏற்ற மாதிரி பொருந்தத் தைக்க ஐகோர்ட்டு டெய்லருக்குத் தெரியாதா என்று உன் பெண் ஒரு வார்த்தை விட்டாள். அவ்வளவுதான், மனுஷர் துணியைப் பிடுங்கிக்கொண்டார். மௌலியை மறுபடி நிற்க வைத்து, கையைத் தூக்கு, இறக்கு, திரும்பு என்று படுத்தியெடுத்து, சாக்கட்டியால் கோடு கோடாகப் போட்டார். இடது பக்கத்தை மட்டும் பிரித்து அந்தத் தோளுக்கென்றே தனியாக வெட்டினாராம். இரண்டு தரம் தைத்துப் பிரித்தாராம். என் காதில் விழுகிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார்.

நேற்று போய் வாங்கி வந்தோம். திரைக்குப் பின்னாலிருந்து மௌலி வெளியே வந்தாரே, நீ பார்த்திருக்க வேண்டும். காலர் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டின் கீழ்விளிம்பு ஒரே மட்டமாக நின்றது. கையைத் தூக்கினால் கைதான் மேலே போகிறது, கோட்டு இருந்த இடத்தில் இருக்கிறது. இடது தோள் இறங்கினது தெரிகிறது அண்ணா, தெரியவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பார்ப்பதற்குக் குறையாகத் தெரியவில்லை. அவர் தோள் அப்படி, அவ்வளவுதான். முந்தி எல்லாம் போட்டோ எடுக்கச் சொன்னால் பக்கவாட்டில் திரும்பி நிற்பாராம், அவர் அம்மா சொல்லியிருக்கிறாள். நேற்று கண்ணாடிக்கு நேராக நின்றார். ஹபீபுர் ரஹ்மான் பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் பாண்டி பஜார் என்றும் பார்க்காமல் நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தேன். நம் குடும்பத்தில் இந்த மாதிரி ஒரு மாப்பிள்ளை வந்ததில்லை.

உன் ஜானவாசத்தை நினைத்துப் பார். தெருக்கோடி டாக்டரிடம் இரவல் வாங்கின கோட்டு. கை நீளத்தில் விரல்கூட வெளியே தெரியவில்லை. தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். உன் மாமனார் மட்டும் காரை விட்டு நகராமல், கதவில் கை வைத்தபடி உன் பக்கத்திலேயே கடைசி வரை நடந்து வந்தார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணப் பத்திரிகையில் உன் பெயர் அச்சாகிவிட்டது. லீவு விஷயம் எப்படியோ காதில் விழுந்து, தஞ்சாவூர்ச் சித்தப்பா, தானே மணையில் உட்கார்ந்து, ஜலஜாவைத் தன் மடியில் உட்காரவைத்துக் கன்னிகாதானம் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறார். ஜலஜாவிடம் சொன்னேன். அப்பா மடி இல்லையென்றால் நின்றுகொண்டே தாலி கட்டிக்கொள்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு சமையலறையில் போய் வெகுநேரம் காபிப்பொடி டப்பாவைத் தேடினாள். டப்பா அவள் கண்முன்னேதான் இருந்தது.

கோட்டுக்கு ஹபீபுர் ரஹ்மானிடம் போனேன். மடிக்கு நான் யாரிடம் போவேன், அண்ணா? கிளம்பி வா.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும்
ஜானு

பின்குறிப்பு: எந்த ரயில் என்று தந்தி கொடு. சென்ட்ரலுக்கு மௌலியே வருகிறேன் என்கிறார். ஒரே ஒரு தரம் பார்த்த அண்ணா கூட்டத்தில் உங்களை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.