அலுமாரிக்குள் கிடந்த முதுகுப் பெல்ட்

என் இஞ்சாருங்கோவுக்கு,

உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எப்படி எழுதுவது? இருபத்தாறு வருடம் "இஞ்சாருங்கோ" என்றால் திரும்பிப் பார்த்தீர்கள். இப்போதும் அப்படியே கூப்பிடுகிறேன். கேட்கிறதா?

வருகிற ஆவணியோடு நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம். நான் லிங்கநகர் வீட்டில்தான் இருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் எங்கெங்கோ போய்விட்டார்கள். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, எனக்குப் போக இடமும் இல்லை. ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நேரம் சாப்பிட்டும் மிஞ்சுகிறது. நாள் முழுக்க நானும் ரேடியோவும்தான். அது தன் கதையைச் சொல்கிறதே தவிர என் கதையைக் கேட்பதில்லை.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. உங்கள் முதுகு வருத்தம் எனக்கும் வந்துவிட்டது.

செல் குண்டு விழத் தொடங்கினால் பெரிய அலுமாரியை ஜன்னலுக்கு முன்னால் இழுத்து வைப்பது உங்கள் வேலை. முதுகு போன பிறகும் தோளால் தள்ள வந்து என்னிடம் ஏச்சு வாங்குவீர்கள். சித்திரையில் ஒரு பின்னேரம் வெடிச்சத்தம் மிகக் கிட்டக் கேட்டது. தனியாக இழுத்தேன். அலுமாரி ஒரு முழம் நகர்ந்தது, என் இடுப்புக்குள் ஏதோ 'டக்' என்றது. அப்படியே நிலத்தில் விழுந்துவிட்டேன். வெடி ஓய்ந்த பிறகும் எழும்ப முடியவில்லை. அடுத்த வீட்டுப் புஷ்பம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, குசினிக் கதவால் உள்ளே வந்து தூக்கினாள். அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்டு கிடந்த அதே கூரை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, காலைத் தூக்கிப் பார்த்த டொக்டர் உங்களுக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னார். "முதுகெலும்புக்கு நடுவில இருக்கிற டிஸ்க் ஒண்டு பிதுங்கி நரம்பை அமத்துது. ஒப்பரேசன் எண்டால் கொழும்புக்குத்தான் போகவேணும். இல்லையெண்டால் ஆறு கிழமை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, சொல்லித்தாற பயிற்சியைச் செய்து பாருங்கோ. கன பேருக்கு வெட்டாமலே சுகம் வாறது. ஆனால் கால் சோர்ந்தாலோ, சலம் போறது தெரியாமல் போனாலோ ஒருநாளும் சுணங்காமல் ஓடி வாங்கோ" என்றார்.

கொழும்புக்குப் போவதென்றால் ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும், லொட்ஜ் பிடிக்க வேண்டும், பொலிசில் பதிய வேண்டும். அதெல்லாம் எப்படியாவது செய்யலாம். வெட்டிய பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு வாய்த் தண்ணீர் பருக்க யார் இருக்கிறார்கள்? அதை நினைத்துத்தான் பெல்ட் போதும் என்றேன்.

உங்கள் பெல்ட் அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. முதுகுப் பக்கம் நாலு இரும்புத் தகடு வைத்துத் தைத்தது, புதுசு குலையாமல் இருந்தது. பார்த்ததும் பழைய கோபம் வந்துவிட்டது. துறைமுகத்தில் நீங்கள் கிளாக்கர். ஹர்த்தாலுக்குக் கூலியாட்கள் வரவில்லை என்று மூட்டை தூக்கப் போய் முதுகைக் கெடுத்தீர்கள். சரி, போகட்டும். டொக்டர் கட்டச் சொல்லித் தந்த பெல்ட்டையும் கட்டமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றீர்களே. கேட்டால் "வேர்க்குது, கடிக்குது" என்பீர்கள். "வருத்தம் உங்களுக்கோ அலுமாரிக்கோ? பெல்ட்டை அதுக்கெல்லோ குடுத்து வைச்சிருக்கிறியள்" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

எண்ணெய் போட்டுக் கைவைத்தியம் செய்கிற மூதூர்ப் பரியாரியிடம் நாலு தரம் லாஞ்ச் ஏறிக் கடல் தாண்டிப் போனீர்கள். ஒவ்வொரு தரமும் வலி கூடித்தான் வீட்டுக்கு வந்தீர்கள். பிறகு போகவில்லை. அந்த மனிதரைக் கள்ளப் பரியாரி என்று கண்ட இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீங்கள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் முதுகு அல்ல, நெஞ்சுவலிதான் உங்களைக் கொண்டுபோனது. ஆனால் கட்டிலில் கிடந்த அந்த ஒன்றரை வருடமும் என் ஏச்சைத்தானே கேட்டீர்கள்.

பெல்ட் கட்டி ஒரு கிழமையாகியும் குசினிக்குப் போகச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. "கைவைத்தியத்தையும் ஒருக்காப் பாருங்கோவன் அக்கா. என்ர மச்சாளை அந்த மூதூர்ப் பரியாரிதான் சுகப்படுத்தினவர்" என்று புஷ்பம் விடாமல் நின்றாள். எந்த முகத்தோடு அவரிடம் போவது? கோபத்தையும் வெட்கத்தையும் விழுங்கிக்கொண்டு ஓம் என்றேன்.

போன வியாழக்கிழமை பெல்ட்டை உள்ளுக்குக் கட்டி, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு, புஷ்பத்தின் கையைப் பிடித்தபடி லாஞ்ச் கட்டுகிற ஜெட்டிக்குப் போனேன். பெண்கள் வரிசையைச் சோதிக்க ஒரு சின்ன ஆமிப் பெட்டை நின்றாள். என் இடுப்பைத் தடவிய கை தகட்டில் பட்டது. அவ்வளவுதான், கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். துவக்குகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. இடுப்பில் குண்டு கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

வரிசையில் நின்ற சனம் முழுக்க ஒரே நேரத்தில் விலகி ஓடியது. புஷ்பமும் கையை விட்டாள். அவளில் பிழை சொல்லமாட்டேன், அவளுக்கு மூன்று பிள்ளைகள். ஆனால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அந்தச் சீமெந்துத் தரையில் நின்றபோது, உங்கள் செத்தவீட்டன்றுகூட நான் இவ்வளவு தனியாக இருக்கவில்லை என்று பட்டது.

சாக்கு மறைப்புக்குப் பின்னால் பெல்ட்டைக் கழற்றவைத்தார்கள். தையலைப் பிரித்து, தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார்கள். பிறகு எல்லாவற்றையும் அள்ளிக் கையில் தந்து போகச் சொன்னார்கள். வெளியில் வந்ததும் புஷ்பம் ஓடி வந்து பிடித்து லாஞ்சில் ஏற்றினாள்.

மூதூரில் பரியாரி முதலில் என் கால் பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார். "இதத் தூக்க ஏலாம இருந்தா நான் தொடமாட்டன் தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவன்" என்றார். தூக்கிக் காட்டினேன். குப்புறப் படுக்கவைத்து, சூடாக்கிய எண்ணெயை ஊற்றி, முதுகின் இரண்டு பக்கமும் பெருவிரலால் மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு வந்தார். நான் பயந்தது போல நெரிக்கவும் இல்லை, முறிக்கவும் இல்லை. நெஞ்சை மட்டும் தூக்கி இறக்கும் பயிற்சி ஒன்றைக் காட்டித்தந்தார்.

எழும்பும்போது உங்களைப் பற்றிக் கேட்டேன். அங்கேயும் உங்கள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "துறைமுகக் கிளாக்கர், லிங்கநகர், நல்ல உயரம்" என்றேன்.

"அந்த ஐயாவா? முதல் தரம் பெல்ட்டோடதான் வந்தாரு. ஜெட்டியில குண்டு எண்டு நெனச்சு, அத்தன சனத்துக்கு முன்னால உடுப்பைக் கழட்டி நிலத்துல படுக்க வெச்சிட்டாங்களாம். அதுக்குப் பொறகு கட்டவே இல்ல. லாஞ்ச் அடிக்கிற அடிக்கு, நான் இஞ்ச எடுத்துக் குடுக்கிற சுகமெல்லாம் வீடு போய்ச் சேர முன்னம் போயிரும். பெல்ட் இல்லாம இனி வரவேணாம் எண்டு நான்தான் சொன்ன. வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க எண்டு கேட்டுக்கிட்டாரு."

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடம் எப்படிக் கேட்பது?

ஏன் மறைத்தீர்கள்? வெட்கமா? சொன்னால் நான் ஜெட்டிக்குப் போய் அவர்களோடு சண்டை பிடிப்பேன் என்ற பயமா? பிடித்திருப்பேன்தான், என் வாய் உங்களுக்குத் தெரியும். அதற்காகவா வேர்க்குது, கடிக்குது என்று சொல்லி என்னிடமே ஏச்சு வாங்கிக்கொண்டு கிடந்தீர்கள்? திரும்பி வரும்போது லாஞ்சில் அழுதுவிட்டேன். புஷ்பம் வலி என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டாள். நானும் வலி என்றே சொன்னேன்.

பெல்ட்டைத் திரும்பத் தைத்துவிட்டேன். பயிற்சியும் தவறாமல் செய்கிறேன். நேற்று சுவரைப் பிடிக்காமல் கிணற்றடிவரை போய் வந்தேன். டொக்டர் சொன்ன ஆறு கிழமையில் இன்னும் நாலு இருக்கிறது. பெருவிரலைத் தூக்க முடிகிறதா என்று காலையில் கண் விழித்ததும் பார்க்கிறேன். முடியாமல் போனால் தனியாக என்றாலும் கொழும்புக்குப் போவேன்.

நாளை வியாழக்கிழமை, திரும்ப மூதூர். இந்தத் தரம் பெல்ட்டைச் சேலைக்கு மேலே, எல்லாரும் பார்க்கக் கட்டிக்கொண்டு போவேன். கிட்டப் போக முன்னமே கையைத் தூக்கி, முதுகு வருத்தம் என்று சிங்களத்தில் சொல்வேன். புஷ்பத்திடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். சனம் சிரித்தால் சிரிக்கட்டும். யாரோடும் சண்டை பிடிக்கமாட்டேன், இது உங்களுக்குச் செய்கிற சத்தியம். ஆனால் உங்களைப் போல ஒளிக்கவும் மாட்டேன். நான் படுத்துவிட்டால், ஏசுவதற்குக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை.

உங்கள் மனுசி,
பரமேஸ்