போக்கஸ் லைட்டும் சுப்புத்தாயின் சோளமும்

ஆமத்தூர்
20.12.2006

அன்பு மகன் பெத்தணனுக்கு அம்மா எழுதுவது. ஐயா, காளியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், மஸ்கட்டில் உன்னையும் அவளே சுகமாக வைத்திருப்பாள். தீபாவளி முடிந்து இப்போதுதான் பட்டாசுக் கம்பெனியைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள், அப்பா வேலைக்குப் போகிறார், இருமல்தான் விட்டபாடில்லை.

நீ கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த போக்கஸ் லைட்டைப் பற்றிப் போனில் கேட்டாய், பக்கத்தில் அப்பா நின்றதால் நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கம்பெனி வண்டியில் இருட்டி வந்து இறங்கும் பெண்கள் பாம்புப் பயம் இல்லாமல் நடந்தார்கள், உன்னை வாழ்த்தினார்கள், அது உண்மைதான். ஆனால் கோயிலை ஒட்டி நம் சுப்புத்தாய் சோளம் போட்டிருக்கிறாள் அல்லவா, ஊர்க்காடெல்லாம் கதிர் வாங்கிவிட்டது, அவள் காட்டில் மட்டும் வெளிச்சம் விழுகிற இடமெல்லாம் தட்டை ஆள் உயரம் வளர்ந்து பச்சையாகவே நிற்கிறது. விதை மோசம் என்று விருதுநகர்க் கடைக்காரரிடம் போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள் பாவம். பிறகு பார்த்தால் கோயில் சுவரின் நிழலில் நிற்பது மட்டும் கதிர் தள்ளியிருக்கிறது. என்னிடம் வந்து, "எம் பயிரு உறங்கலை மதினி, இன்னும் பொழுது அடையலைன்னு நெனச்சு நிக்குது" என்றாள். அப்பாவுக்கு வந்ததே கோபம், பிள்ளை கொடுத்த விளக்குக்குக் கண் வைக்கிறாள் என்று. நான் சூலக்கரை விவசாய ஆபீசில் கேட்டேன். அந்தச் சோளம் கதிர் வாங்க நீண்ட இருட்டு வேண்டுமாம், இனியாவது இருட்டுக் கிடைத்தால் ஈரம் காய்வதற்குள் பின்கதிர் பிடிக்குமாம். அவளுக்கு வருஷக் கஞ்சியே அதுதான் ஐயா, எனக்குச் சோறு இறங்கவில்லை.

விளக்கைக் கீழே பார்க்கத் திருப்பி, மேலேயும் பக்கத்திலும் தகரம் அடித்து, கடைசி வண்டி வந்ததும் அணைத்தால் போதும். பூசாரியோ, கொடுத்தவர் சொல்லாமல் தொடமாட்டேன் என்கிறார். தகரம் அடித்தால் 'உபயம் பெத்தணன், மஸ்கட்' என்ற எழுத்து மறையும் என்று அப்பாவுக்கு வருத்தம். வெளிச்சத்தைவிடப் பேரைப் பெரிதாக எழுதினால் அப்படித்தான். மறையட்டும், நீ பூசாரிக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டு. நோய் நொடி அண்டாமல் அம்மன் உன்னைக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, பல்பு போய்விட்டது, புதுசு வேண்டும் என்று பூசாரி கேட்டால் அனுப்பிவிடாதே. பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. வண்டியில் வரும் பெண்களை நானே டார்ச் அடித்துக் கூட்டி வருகிறேன். அந்த விளக்குக்குக் கரண்டு போகிற பீஸ் கட்டை நம் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது, அப்பாவிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
செல்லக்கனி