கிராம்பு எண்ணெயும் என் மூக்கும்

மார்ச் 4
காய்ச்சல் விட்டுப் பத்து நாளாயிற்று. மூக்குக்கு வாசனை மட்டும் திரும்பவில்லை. காலையில் வீட்டுக்காரர் சட்டையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. கிராம்பு எண்ணெய் வடிக்கும் ஆலையில் முகர்ந்து பார்த்துத் தரம் சொல்பவள் நான், பத்தொன்பது வருஷமாக. சொன்னால் வேலை போகும். சொல்லவில்லை.

மார்ச் 6
சமாளிக்கிறேன். நல்ல கிராம்பு எண்ணெய் தண்ணீரில் மிதக்காது, அடியில் போய் உட்காரும். ஊசிமுனை அளவு நாக்கில் வைத்தால் மரத்துப்போகும். இன்று ஆறு முறை மரத்தது. சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டதுகூடத் தெரியவில்லை.

மார்ச் 11
பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பல்வலி. சமையல் எண்ணெயில் ஒரு சொட்டுக் கலந்து பஞ்சில் தொட்டுக் கொடுத்தேன்.
"வலி போயிடுச்சு, இனி டாக்டர் எதுக்கு?"
"வலிதான் போச்சு, சொத்தை அங்கேயேதான் இருக்கு. போய்க் காட்டுங்க."
ஊருக்குத்தான் உபதேசம்!

மார்ச் 13
கிராம்பை வேகவைக்கும் கொப்பரைக்காரர் ஆரஞ்சுப் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "நேத்து தண்ணி வத்தி அடிப்பிடிச்சிருச்சுக்கா. எண்ணெய் முழுக்கக் கருகல் வாசம். தெரிஞ்சும் எனக்காக விட்டுட்டீங்களே..." கண் கலங்கிவிட்டார்.
கருகலா? எண்ணெய் மூழ்கியது, நாக்கு மரத்தது, நான் கையெழுத்துப் போட்டேன். கருகல் நாக்குக்கு எப்படித் தெரியும்? என்னைப் போய்க் கும்பிடாத குறையா நிக்கிறாரு மனுஷன். ஆரஞ்சை வாங்கிக்கிட்டேன். சீ!

மார்ச் 14
அந்தக் கருகல் எண்ணெய்ப் பீப்பாய் நாளை மறுநாள் பல்மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. சொன்னால் அவரும் மாட்டுவார். அதனால் எனக்கு வாசனையே தெரியாது என்று முதலில் அவரிடமே சொன்னேன்.
"அப்ப எனக்காகப் பண்ணலையா நீங்க?" என்றார்.
அதுதான் சுருக்கென்று தைத்தது.
"சரி வாங்க, முதலாளியம்மாகிட்ட சேர்ந்தே போவோம்" என்று எழுந்துவிட்டார்.
முதலாளியம்மா கத்திய கத்தலில் ஆலையே நின்று பார்த்தது. "ஒருத்தருக்குக் கண்ணில்ல, ஒருத்தருக்கு மூக்கில்ல, நான் ஆலை நடத்துறேன்!" பீப்பாயை நிறுத்திவிட்டார். எங்களை வீட்டில் இருக்கச் சொன்னார்.

மார்ச் 19
இன்னும் கூப்பிடவில்லை.

மார்ச் 24
நேற்று கூப்பிட்டார்கள், இருவரையும். எனக்கு மூக்கு வரும்வரை அவர் கொப்பரை வேலையோடு முகரவும் வேண்டும், நான் கேட்டு எழுத வேண்டும். தானாக வந்து தப்பை ஒத்துக்கொண்டவரை நம்பலாம் என்றாராம் முதலாளியம்மா.
இன்று காலை சோதிக்க முதல் மாதிரி எண்ணெய் வந்தது. எண்ணெய் தொட்ட காகிதத்துண்டை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். மறுபடி முகர்ந்தார்.
"லேசா கருகல் இருக்குக்கா. நேத்து நான் வடிச்சதுதான்."
இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும்.
'தேறவில்லை' என்று எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.