ஒரு இன்ச் பெரிய சக்கரம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை பெரம்பலூர் டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். நம் வண்டிக்கு நான்கு டயரும் மொட்டையாகிவிட்டன. கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், இந்த வண்டிக்கு கம்பெனி சைஸு பன்னெண்டு இன்ச்சுதான். யாரோ பதிமூணு போட்டுவுட்டிருக்காங்க. பழையபடி மாத்திட்டீங்கன்னா நல்லா இழுக்கும். நீங்க ஒரு ஆளுதானே ஓட்டுறீங்க?" என்றார். நியாயமான பேச்சுதான். "இல்லைங்க, பதிமூணே போடுங்க" என்றேன். ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் புது டயர்களை உருட்டிக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தார். புது ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. என் வீட்டு வாசலில் நீங்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அந்தத் திங்கட்கிழமையும் இதே வாசனைதான் அடித்தது.

அதற்கு முன்னால் நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியும் என்பதால் சொல்லவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. இப்போது உங்களிடமே சொல்லிப் பார்க்கிறேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய், கீழப்பழுவூர் தாண்டி, திருமழபாடி போகிற வழியில் நம் பள்ளிக்கூடம். நீங்கள் கணக்கு டீச்சர், நான் தமிழ். பின் சீட்டில் ஜெயந்தி டீச்சரும் நூர்ஜஹான் டீச்சரும். உங்கள் வண்டியில் நான்கு பேரும் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் கைப்பை வைக்க இடமிருக்காது. அதில் பாதி இடம் எனக்கே வேண்டும். நான் அப்போதும் கனமான உடம்புக்காரிதான், இப்போதும் அப்படித்தான்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் பறக்கிற ரோடு அது. வழியில் ஒரு ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்து, மனு கொடுத்துப் பார்த்து, கடைசியில் தாங்களே கான்கிரீட் கொட்டி ஒரு வேகத்தடை கட்டிவிட்டார்கள். லாரிக்காரர்கள் அதைச் சட்டை பண்ணவேயில்லை. நம் வண்டிக்குத்தான் அடிவயிறு உரசியது. முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான்கு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றோம். அடுத்த வாரம் சைலன்ஸர் போயிற்று.

பிறகு நாம் செய்த கூத்துகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. டயரில் காற்றைக் கூடுதலாக அடைத்துப் பார்த்தோம். வண்டி தவளை மாதிரி துள்ளியதுதான் மிச்சம். வேகத்தடையில் வண்டியைக் குறுக்காக ஏற்றிப் பார்த்தோம். என்னைப் பின் சீட்டுக்கு மாற்றி, மறுபடி முன் சீட்டுக்கே கொண்டுவந்தோம். எதுவும் சரிப்படாமல், உங்களைத் தவிர எல்லோரும் இறங்கி, வேகத்தடையை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டோம். மூன்று பேர் சேர்ந்து இறங்கி நடந்தவரைக்கும் எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு மழை நாளில் ஜெயந்தி டீச்சர், "நாங்க ரெண்டு பேரும் உக்காந்துக்குறோமே, முன்னாடி டீச்சர் மட்டும் எறங்கட்டும், போவுதான்னு பாப்போம்" என்றாள். போயிற்று. நான் ஒருத்தி இறங்கினால் போதும் என்பது அன்றைக்கு நிரூபணமாகிவிட்டது. கணக்கு டீச்சர் நீங்கள், கணக்கைக் கண்டுபிடித்தவள் அவள். நல்லவள்தான் ஜெயந்தி, என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவள். ஆனாலும் அந்த மழை நாளுக்காக அவளை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையும் மாலையும் நான் மட்டும் இறங்குவேன். அங்கே ஒரு டீக்கடை. பேப்பர் படிக்கிறவர்கள் பேப்பரைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒரு நாள் ஒருவர், "டீச்சர் எறங்குனாத்தான் வண்டி ஏறும்" என்று சொல்ல, மொத்தக் கடையும் சிரித்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் நம் பள்ளியில்தான் படிக்கிறார்கள். பேச்சு எங்கே போகும்? ஒன்பதாம் வகுப்பில் நான் நுழையும்போது கடைசி பெஞ்சிலிருந்து யாரோ மெதுவாக, "ஸ்பீடு பிரேக்கர் வருது, எறங்குங்கடா" என்றான். நான் கரும்பலகையில் தேதியை எழுதினேன். எழுதி முடித்தும் திரும்ப முடியவில்லை. அழித்துவிட்டு மறுபடி அதே தேதியை எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களிடம் சொன்னேன். "திங்கக்கெழமலேருந்து நான் பஸ்ல போயிக்கிறேங்க்கா." பஸ் என்றால் என்ன அர்த்தம் என்று நம் இருவருக்கும் தெரியும். முதல் மணிக்குப் போய்ச் சேரவேண்டுமானால் மகள் கண் விழிக்கும் முன் நான் கிளம்பியாக வேண்டும். வீட்டில் ஏற்கெனவே, "இவ்வளவு தூரம் போயி அந்த வேலய பாக்கணுமா?" என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஒரு மாதம் தாங்கும், அப்புறம் வேலையை விட்டுவிடுவேன். எனக்கே அது தெரிந்துதான் இருந்தது. நீங்கள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "சரி, போயிட்டு வா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் மேலும் கோபம் வந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் ஹாரன் சத்தம். வெளியே வந்து பார்த்தால் வண்டி ஏதோ குதிகால் செருப்புப் போட்டதுபோல நிற்கிறது. நான்கும் புது ரிம், புது டயர், ஒரு இன்ச் பெரிசு. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை.

"என்னக்கா இது?"

"சைலன்ஸர் மாத்தி மாத்தி அலுத்துப்போச்சு. நீ ஏறு. பஸ்ஸும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"வண்டி இழுக்குமா?"

"கடைக்காரன் இழுக்காதுன்னுதான் சொன்னான். மெக்கானிக்கும் சொன்னான். எந்தம்பி போன்ல கத்துறான், காலேஜ் பசங்க மாதிரி ஒனக்கு எதுக்கு இந்த வேலன்னு. எல்லாரும் சொல்லியாச்சு, நீயும் சொல்லாத. ஏறு."

எல்லோரும் சொன்னது சரிதான். அரியலூர் ரயில்வே மேம்பாலத்தில் அது தெரிந்துவிட்டது. முன்னால் போன லோடு லாரி ஏற்றத்தின் பாதியில் நின்றது, நாமும் நின்றோம். லாரி நகர்ந்தபோது நம் வண்டி நகரவில்லை. சின்ன எஞ்சின் பெரிய சக்கரத்தைச் சுற்ற முடியாமல் திணறுகிறது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான். என் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று.

"யாரும் எறங்க வேணாம்" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. "ஏசிய அணை."

அணைத்தேன், எஞ்சினுக்கு அந்தப் பாரமாவது குறையட்டும் என்று. ஹேண்ட் பிரேக்கை விட்டுக்கொண்டே எஞ்சினை அலறவிட்டு, கிளட்ச் கருகுகிற நாற்றத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோனீர்கள். உச்சிக்கு வந்ததும் நூர்ஜஹான் டீச்சர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சு விட்டார். "வண்டியில பிக்கப்பு இருக்கு போலயே" என்றாள் ஜெயந்தி. "பிக்கப்பு இல்லடி, பிடிவாதம்" என்றீர்கள்.

வேகத்தடை வந்தது. டீக்கடையில் பேப்பர்கள் தாழ்ந்தன. நீங்கள் நேராகப் பார்த்துக்கொண்டு முதல் கியரில் ஏற்றினீர்கள். முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது, சத்தமே இல்லை. கீழே ஒரு விரற்கடை இடைவெளி மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைவலி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். யாருக்காகப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கடைசிவரை சைலன்ஸர் கதையையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

பழைய டயர் ஒன்றை டிக்கியில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுவந்து, ஸ்டெப்னிக்காக வாங்கிய புதுசையும் இறக்கி, ஒன்பதாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போனீர்களே, அதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே கோட்டிலிருந்து ஒரு சுற்று உருட்டச் சொல்லி, நின்ற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, "எது தூரமா போச்சு? அப்ப என் வண்டி மீட்டரு நெசம் சொல்லுதா, பொய் சொல்லுதா?" என்று கேட்டீர்கள். மீட்டர் அறுபது காட்டும்போது வண்டி அதைவிட வேகமாகப் போகிறது என்று கண்டுபிடித்த பையன், எனக்கு 'ஸ்பீடு பிரேக்கர்' என்று பட்டம் வைத்த அதே பையன், குரலிலேயே தெரிந்தது. "டீச்சர், அப்ப நீங்க தெனமும் ஓவர் ஸ்பீடு" என்றான். அன்றோடு பட்டப்பெயர் உங்களுக்கு மாறிவிட்டது. நீங்கள் அதைப் பெருமையாகவே வைத்துக்கொண்டீர்கள்.

ஆனால் இனாமாக எதுவும் வரவில்லை. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பள்ளி வாசலில் முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும், இரண்டு தடவை ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்பவேண்டும். வருஷம் போகப்போக உங்கள் வலது தோள் பிடித்துக்கொண்டது. ஸ்டாஃப் ரூமில் தைல வாசனை வந்தால் அது நீங்கள்தான். பழைய சக்கரத்தைப் போட்டால் தோள் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொன்னதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை, அவரே சொன்னார். அதற்காகத்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். உங்களிடம் சொன்ன காரணம் வேறு, ஆசையாக இருக்கிறது என்றேன். பொய் சொல்வதில் நானும் உங்களுக்குக் குறைந்தவள் இல்லை.

நல்லவேளை கற்றுக்கொண்டேன். உங்கள் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபிறகு திருச்சி ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். வேறு வண்டி பிடிக்கலாம் என்று உங்கள் மகன் சொன்னான். நீங்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நீங்கள் மெலிந்துகொண்டே வந்தீர்கள். சீட் பெல்ட் உங்களைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது. கடைசியாகக் கூட்டிவந்த அன்று சர்வீஸ் ரோட்டில் ஒரு வேகத்தடை. உங்களுக்கு வலிக்கக் கூடாதே என்று ஊர்ந்துகொண்டிருந்தேன்.

"எதுக்குடி இவ்வளவு மெதுவா?" என்றீர்கள். "இப்ப நான் எறங்கிக்கிட்டாக்கூட வண்டிக்குத் தெரியாது."

"சும்மா இருங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் போனபிறகு வண்டியை உங்கள் மகன் எனக்கே விட்டுவிட்டான். "சித்தி, நீங்களே வச்சுக்குங்க, அம்மாவுக்கும் அதுதான் புடிக்கும்" என்றான். ஜெயந்தி மாற்றலாகிப் போய்விட்டாள், நூர்ஜஹான் டீச்சர் ஓய்வுபெற்றுவிட்டார். ரோட்டில் கை காட்டுகிற பள்ளிப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்களையும் ஏற்றிக்கொள்கிறேன். யார் ஏறினாலும் எங்கே உட்காரவேண்டும் என்று சொல்வதில்லை. பருமனான பெண் யாராவது, "எடம் பத்துமா டீச்சர்?" என்று தயங்கினால், ஏறச் சொல்லிவிட்டு ஏசியை அணைத்துவிடுகிறேன்.

மற்ற நாட்களில் நான் ஒருத்திதான். நீங்கள் சொன்னது சரிதான் அக்கா. வண்டிக்கு ஒன்றும் தெரியவில்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது. எனக்குத்தான் தெரிகிறது.