மாதாவுக்கு இன்னொரு வெள்ளி உருவம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கைகளை முத்தமிட்டு உன் சின்ன மகள் கல்லிரோயி எழுதுவது. இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்; குழந்தை இப்போதுதான் தூங்கினான். அறுவை செய்த பக்கத்துக் கை வீக்கம் வடிந்ததா?

உன் மார்பில் புற்றுநோய் துளியும் மிச்சமில்லை என்று டாக்டர் சொன்ன மறுநாளே, எவாந்தியா அக்கா நம் வோலோஸ் ஊர்க் கோயிலில் மாதா படத்தருகே வெள்ளி மார்பு உருவத்தைக் கட்டிவிட்டாளாமே. நானும் அதையே நேர்ந்துகொண்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நான் வரும்வரை பொறுத்தால் என்ன என்று போனில் கேட்டால், "அடியே, உனக்காகக் காத்திருந்தா மாதாவுக்கே நரைச்சிடும்" என்கிறாள். மருந்து ஏறிய நாளெல்லாம் உன் பக்கத்தில் இருந்ததும் அவள்தான், உன் தலையை மழித்துவிட்டதும் அவள்தான். மாதாவுக்கு நன்றியாவது நான் சொல்லக் கூடாதா?

போன வாரம் நானும் இங்கே ஸ்டுட்கார்ட்டில் மார்புப் பரிசோதனை செய்துகொண்டேன். ஒன்றுமில்லை, பயப்படாதே. முடிவு வரும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அப்போது, உன் பக்கத்திலேயே இருக்கிற அக்காமேல் இன்னும் பொறாமையாக வந்தது.

ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு வருகிறேன். அக்காவுக்குச் சொல்லாமல் நாம் இருவரும் போய் என்னுடையதைக் கட்டுவோம். படத்தருகே ஓர் ஆணியாவது காலியாக இருக்கிறதா என்று பார்த்து, சீக்கிரம் பதில் போடு.